அண்ணி எடுத்த ஆறு பாடங்கள்

கல்லூரியின் பாட ஆலோசகருக்கு அன்று கடுமையான ஜலதோஷம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கைக்குட்டையைத் தேடினார். ஆனாலும் கேட்க வேண்டியதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். என்ன வேலை, எத்தனை மணிக்கு முடியும், வீட்டில் யார் யார், பள்ளிக்கூடம் முடித்து எவ்வளவு காலம் ஆயிற்று. எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் உதவியாளர் வேலை, மதியம் வரைக்கும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. பள்ளிக்கூடம் முடித்த கதைக்கு வந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அது ஆச்சு சார், பதினாறு வருஷம்."

"அப்ப மூணு பாடம் எடுத்துக்கோங்க," என்றார் அவர். "முதல் செமஸ்டர்ல எல்லாரும் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கிறாங்க. அப்புறம் கழுத்து வலிக்குதுன்னு எங்கிட்டயே வந்து அழறாங்க. வகுப்புல ஒரு மணி நேரம்னா வீட்டுல ரெண்டு மணி நேரம் உக்காரணும். அந்த ரெண்டு மணி நேரத்தை எங்கேருந்து எடுப்பீங்கன்னு யோசிச்சுட்டு சொல்லுங்க."

அவள் யோசித்தாள். விடியற்காலையில் கொஞ்சம் எடுக்கலாம், பேருந்தில் கொஞ்சம் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையைக் கணவரிடம் கெஞ்சி வாங்கலாம். மூன்று என்றால் சரியாக வரும் போலிருந்தது. உயிரியல், கணிதம், கட்டுரைப் பயிற்சி. விலங்குகளுக்கான ஆய்வுக்கூடத்தில் பரிசோதகராக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இந்த மூன்றும் எப்படியும் வேண்டியவை. மனது லேசாகிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே தாழ்வாரத்தில் அவளுடைய நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். அவளும் அதே கல்லூரியில் அன்றுதான் சேர்கிறாள், வணிகவியல் பிரிவில். பக்கத்து அறை ஆலோசகரைப் பார்த்துவிட்டு முன்னதாகவே வந்திருந்தாள்.

"எத்தனை அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"மூணு. உனக்கு?"

"ஆறு."

சும்மாதான் சொன்னாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல. ஆனால் அண்ணிக்கு அடிவயிற்றில் யாரோ தீக்குச்சி உரசியதுபோல் இருந்தது.

அந்தத் தீ புதிதல்ல. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பற்றிக்கொண்டது. கணவர் தன் தங்கையைப் 'பாப்பா' என்று கூப்பிடுவார். அப்போது பாப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. பாப்பாவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பாப்பா ஒரு தடவை படித்தால் போதும், பாப்பா பள்ளியில் எல்லாவற்றிலும் முதல். புதுப்பெண் எது செய்தாலும், "பாப்பா இதை வேற மாதிரி பண்ணுவா," என்று பேச்சுவாக்கில் வந்து விழும். அவர் வேண்டுமென்று சொல்பவர் அல்ல. அதனாலேயே சண்டை போடவும் முடியவில்லை.

பிறகு பாப்பாவும் கல்யாணமாகிப் போனாள். ஐந்தாறு வருஷத்தில் அந்தக் கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுப் பின்னறைக்குத் திரும்பி வந்தாள். அன்று அண்ணிதான் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினாள், கட்டிப்பிடித்து அழுதாள். அழுகை உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் எங்கோ ஒரு மூலையில், 'ஆக, இவளுக்கும் ஒன்று சரியாக வரவில்லை' என்று ஒரு நிம்மதி இருந்தது. அதற்காக அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே இருக்கும்போது சில மாதங்களில் பாப்பா மறுபடி வீட்டின் நட்சத்திரமாகிவிட்டாள். குழந்தை 'அத்தை, அத்தை' என்று அவள் காலைச் சுற்ற ஆரம்பித்தது. கல்லூரியில் சேர்வது என்பது அண்ணி பல வருஷமாக மனதில் வைத்து வளர்த்த யோசனை. அதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னதும் கணவர் துள்ளிக் குதித்து, "நல்ல யோசனை! பாப்பா, நீயும் சேர்ந்துடு," என்றுவிட்டார்.

இப்போது அந்தப் பாப்பா ஆறு பாடத்தோடு நிற்கிறாள்.

"நீ முன்னால போ. ஒரு காகிதத்தை உள்ளேயே விட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு அண்ணி மறுபடி ஆலோசகர் அறைக்குள் போனாள்.

"சார், இன்னும் மூணு சேத்துக்கலாமா?"

அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே அவளைப் பார்த்தார். "வெளிய போயிட்டு வர்றதுக்குள்ள என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சார். நேரம் இருக்கும், சமாளிச்சுக்குவேன்."

"சேத்துக்கலாம், தடை ஒண்ணும் இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். நாலாவது வாரம் முடியறதுக்குள்ள எதை விட்டாலும் எங்கேயும் பதிவு இருக்காது. அதுக்கப்புறம் விட்டா 'விலகினார்'னு போடுவாங்க. அதுகூடப் பெரிய குத்தம் இல்ல. விடாப்பிடியா வச்சிருந்து தோத்துப் போறீங்க பாருங்க, அதுதான் வருஷக்கணக்குல கூட வரும்."

வேதியியல், புள்ளியியல், உளவியல். சேர்த்துக்கொண்டாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் கணவர் முதலில் தங்கையிடம் கேட்டார். "ஆறா! அதான் பாப்பா!" என்று மேசையைத் தட்டினார். அப்புறம் மனைவி பக்கம் திரும்பினார். "நீயும் ஆறா? முடியுமா உனக்கு?"

ஒரே ஆறு. தங்கைக்கு ஆச்சரியக்குறி, பெண்டாட்டிக்குக் கேள்விக்குறி. அண்ணி தண்ணீரைக் குடித்து அதையும் விழுங்கினாள்.

வகுப்புகள் தொடங்கின. அண்ணி இருட்டு விலகுமுன் எழுந்தாள். சமையலறைச் சுவரில் தனிமங்களின் அட்டவணையை ஒட்டிவைத்து, பாத்திரம் தேய்த்தபடியே மனப்பாடம் செய்தாள். சோப்பு நுரை தெறித்து முதல் வரிசை மங்கிப்போனது. பேருந்தில் உளவியல், கிளினிக்கில் டீ குடிக்கும் நேரத்தில் கணக்கு. மதியம் வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாகக் கல்லூரி. வகுப்பில் போய் உட்கார்ந்ததும் உடம்பு, 'அப்பாடா, நாற்காலி' என்று கண்ணை மூடப் பார்க்கும்.

நாத்தனார் படிக்கும் விதமே வேறு. ஒரு பக்கத்தைப் படிப்பாள், புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பாள், கூரையைப் பார்த்துத் தனக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்வாள், அவ்வளவுதான். படிக்கும்போது சன்னமான முனகலாக ஒரு ராகம் வேறு. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் அந்த ராகம் அண்ணியின் மண்டைக்குள் துளை போட்டது. 'படிக்கிறவளுக்கு என்ன பாட்டு' என்று உள்ளுக்குள் பொருமுவாள். பாப்பா எத்தனை பக்கம் புரட்டினாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பதிலேயே தன் பக்கம் புரளாமல் கிடக்கும்.

ஒரு தேர்வுக்கு முந்தின நாள் பாப்பாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அண்ணிதான் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், போர்வை எடுத்துப் போட்டாள். 'நாளைக்கும் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை' என்று மனது சொன்னது. மறுநாள் பாப்பா கரகரத்த குரலோடு போய் எழுதி, வழக்கம்போல முதலாவதாக வந்தாள்.

அண்ணிக்கு வேதியியலில் முதல் தேர்வில் நூற்றுக்குப் பதினெட்டு.

"கெமிஸ்ட்ரி எப்படி அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார்.

"பரவாயில்ல," என்றாள் அண்ணி.

கிளினிக்கிலும் நிலைமை சரியில்லை. ஊசி போடும்போது பூனையை மேசையில் அசையாமல் பிடிப்பது அவளுக்குக் கைவந்த வேலை. பிடரியில் ஒரு கை, பின்னங்காலில் ஒரு கை, காதருகே ஏதாவது பேச்சு. ஒருநாள் மேசையருகே நின்றபடியே கண் சொருகிவிட்டது. சாம்பல் நிறப் பூனை ஒன்று நழுவி, மருத்துவர் அம்மாவின் முழங்கையில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு அலமாரிக்கு அடியில் போய்ப் பதுங்கியது.

மருத்துவர் அம்மா காயத்தைத் துடைத்துக்கொண்டே, "படிக்கிறது நல்லதுதான்," என்றார். "ஆனா இங்க வர்றப்ப நீங்களும் வரணும். உடம்ப மட்டும் அனுப்பி வைக்காதீங்க."

நாலாவது வாரத்தின் கடைசி நாள் வந்தது. அண்ணிக்கு அது நன்றாக நினைவிருந்தது. மற்றதெல்லாம் மறந்தாலும் அது மறக்கவில்லை. ஆலோசகர் அறை இருக்கும் மாடிக்கு ஏறிப் பாதி வழி போனாள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியே எதிர்க் கட்டடத்து நூலகம் தெரியும். பாப்பா அங்கே உட்கார்ந்திருந்தாள். புத்தகம் கவிழ்ந்திருந்தது, பார்வை கூரையில். உதடு அசைந்துகொண்டிருந்தது. முகத்தில் களைப்பே இல்லை.

அண்ணி அப்படியே இறங்கி வந்துவிட்டாள். 'அவளால் முடிகிறபோது எனக்கு மட்டும் என்ன கேடு?'

அதற்குப் பிறகு வந்த பரீட்சைக் காலத்தில்தான் அது நடந்தது.

வேதியியல் லேப் இருக்கும் நாட்களில் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது கணவர் பொறுப்பு. அன்று காலை அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "இன்னைக்கு ஒரு பதினாலு மாடிக் கட்டடத்துல வேலை. லிஃப்ட் குழிக்குள்ள இறங்கிட்டா ஃபோன் எடுக்காது. குட்டிய நீ கூட்டிட்டு வந்துடும்மா, லேப்ல சொல்லிட்டு."

"சரிங்க," என்றாள் அண்ணி. அவள் கண் சுவரிலிருந்த அட்டவணையில் இருந்தது. வாய்தான் சரி என்றது. காதில் ஒன்றும் ஏறவில்லை.

மாலை லேப் முடிந்து, வெளியே மாட்டியிருந்த பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். பள்ளியிலிருந்து வரிசையாக அழைப்புகள். ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. அடுத்த நொடி எல்லாம் விளங்கியது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். பள்ளி வாசல் சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து காவலாளி வந்தார்.

"குட்டிப் பொண்ணா? அழுதுக்கிட்டே உக்காந்திருந்துச்சும்மா. அத்தைன்னு ஒருத்தங்க வந்து கூட்டிட்டுப் போய் ரொம்ப நேரம் ஆச்சே."

உயிர் திரும்பி வந்தது. ஆனால் வீடு வந்து சேர்வதற்குள், வந்த உயிரோடு வேறொன்றும் கூடவே வந்தது. 'அத்தைன்னு ஒருத்தங்க.' இதற்கும் அவள்தான்.

கதவைத் திறந்தபோது குழந்தை சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. பாப்பா அதன் காலைப் பிடித்து ஏதோ விளையாட்டுக் காட்ட, கெக்கெக்கே என்று சிரித்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அம்மா, நீ என்னை மறந்துட்டியா? அத்தை மறக்கல."

"அப்படிச் சொல்லக் கூடாது குட்டி, அம்மா லேப்ல இருந்தாங்க," என்றாள் பாப்பா. பிறகு அண்ணியிடம், "விடுங்க அண்ணி, ஒண்ணும் ஆகல. நீங்க ஏற்கெனவே அல்லாடுறீங்க. இனிமே தினமும் நானே கூட்டிட்டு வந்துடறேனே. எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல."

நல்ல மனதோடு சொன்னதுதான். 'எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல' என்ற இடம்தான் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. ஆறு பாடமும் சிரமமில்லை, என் பிள்ளையும் சிரமமில்லை. பத்து வருஷமாக அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"உனக்கு ஒண்ணு இல்லன்னு எம்பிள்ளைய எடுத்துக்கப் பாக்கறியா?"

சொன்ன மாத்திரத்திலேயே அதைத் திரும்ப விழுங்கிவிட முடியுமா என்று அண்ணி பார்த்தாள். முடியவில்லை. பாப்பா குழந்தையை மேசையிலிருந்து இறக்கிவிட்டாள். தட்டைக் கழுவினாள், துடைத்தாள், அடுக்கில் வைத்தாள். பின்னறைக்குப் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தாலாவது தேவலை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

கணவர் வந்தபோது, குழந்தையை மறந்த விஷயத்தை மட்டும் அண்ணி சொன்னாள். சொன்ன வார்த்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. பாப்பாவும் விடவில்லை. மறுநாளிலிருந்து 'அண்ணி' என்ற விளிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மேசைக்குப் படிக்க வருவதை நிறுத்திவிட்டாள். ராகம் நின்றது. எத்தனையோ நாள் நிற்காதா என்று ஏங்கிய ராகம். நின்ற பிறகு அந்த மேசையில் அண்ணியால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

சில நாள் கழித்துக் கல்லூரி கேன்டீனில் தபால்காரம்மா அவளைப் பிடித்தாள். தபால் நிலையத்தில் வேலை செய்துகொண்டே படிப்பவள், பாப்பாவின் வகுப்பு. வாய் ஓயாதவள்.

"உங்க நாத்தனாருக்கு என்னங்க ஆச்சு? கணக்குப்பதிவியல் பரீட்சைக்கு உள்ள போக வரிசையில நின்னோம். எனக்கு முன்னாடி அவங்கதான். ஃபோன் வந்துச்சு. பேசினாங்க. பைய எடுத்துக்கிட்டு ஒரே ஓட்டம். பரீட்சையே எழுதல தெரியுமா? பாதி மார்க் அதுலதான் இருக்கு. அவங்க எழுதலன்னதும் நாங்கல்லாம் பயந்துட்டோம், வீட்டுல யாருக்கோ ஏதோன்னு."

அது என்றைக்கு என்று அண்ணி கேட்டாள். கேட்காமலே தெரிந்துவிட்டது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலில் அவளுக்கு வந்தது வருத்தம் அல்ல. 'அப்பாடா' என்று ஒரு வார்த்தைதான் வந்தது. பாதி மார்க் போனால் பாப்பா முதலாவதாக வர முடியாது. தோற்கக்கூடச் செய்யலாம். மேசையைத் தட்டும் கணவரின் கை ஒருமுறையாவது பாதியில் நிற்கும். அதற்கு அண்ணி எதுவும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். டீ ஆறி ஏடு படியும்வரை அந்த எண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். இனிப்பாகத்தான் இருந்தது.

அன்று மாலை கணவர் சாப்பிடும்போது தங்கையைக் கேட்டார். "கணக்குப் பரீட்சை ஆச்சா பாப்பா? எப்படி?"

"பரவாயில்லண்ணா," என்றாள் பாப்பா, தட்டைப் பார்த்தபடி.

அந்தப் 'பரவாயில்ல' எப்படிப்பட்டது என்று அண்ணிக்குத் தெரியும். வேதியியலுக்கு அவள் அதையே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அதைப் பாப்பாவின் வாயிலிருந்து கேட்டதும் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

மறுநாள் கிளினிக்கில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கணக்குப்பதிவியல் விரிவுரையாளரைப் போய்ப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடும் அம்மாள் அவர்.

"அவங்களா? கூப்பிட்டுக் கேட்டேனே. 'சொந்த வேலை'ன்னு சொன்னாங்க. சொந்த வேலைக்கெல்லாம் மறுதேர்வு கிடையாதுன்னுட்டேன்."

"அது அவ சொந்த வேலை இல்ல மேடம். என் வேலை. பள்ளிக்கூடத்துல எம்பொண்ணக் கூப்பிட நான் மறந்துட்டேன். எனக்கும் எம்புருஷனுக்கும் ஃபோன் கிடைக்கல. அவதான் பரீட்சைய விட்டுட்டுப் போனா."

"அதை அவங்களே சொல்லியிருக்கலாமே?"

அண்ணிக்கும் அந்தக் கேள்வி இருந்தது. பதில், வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

"சொன்னா, நான் பிள்ளைய மறந்தது வெளிய வந்துடும்ல மேடம்."

விரிவுரையாளர் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வாங்க. பாக்கறேன்."

தலைமை ஆசிரியையிடம் போய், 'அன்று தாய் வரத் தவறியதால்' என்று தன்னைப் பற்றியே எழுதி வாங்கி வருவது லேசான காரியமாக இல்லை. அந்த அம்மாள் 'தவறியதால்' என்ற சொல்லை எழுதும்போது நிமிர்ந்து பார்த்த பார்வை ஒரு வாரத்துக்குப் போதும். வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். கொடுத்த கையோடு மாடியேறி ஆலோசகர் அறைக்குப் போனாள். படிக்கட்டு ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"மூணை விடணும் சார்."

"'விலகினார்'னு வரும்."

"வரட்டும் சார்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. வேதியியலைக் குறித்துக்கொண்டபோது மட்டும், "இதைத் தனியா ஒரு செமஸ்டர்ல எடுங்க. கூட எதையும் சேத்துக்காதீங்க," என்றார்.

விஷயம் தெரிந்த பாப்பா நன்றி சொல்வாள் என்று அண்ணி எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள். பின்னறையிலிருந்து விறுவிறுவென்று வந்தாள்.

"யாரைக் கேட்டு அங்க போனீங்க? நான் கேட்டேனா?"

"கேக்கல."

"நான் உங்களுக்காகப் பண்ணலண்ணி. குட்டிக்காகப் பண்ணேன். அதுக்குக் கணக்குத் தீக்க வராதீங்க."

"கணக்குத் தீக்கல பாப்பா." அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் சொன்னது... அதை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. நான் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

பாப்பா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அது இன்னும் இங்கதான் நிக்குது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "போறப்ப போகும். போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

பிறகு அண்ணி, இவ்வளவு சொன்னபின் அது மட்டும் எதற்கு உள்ளே என்று நினைத்தோ என்னவோ, "நீ ஆறு எடுத்தேன்னுதான் நானும் ஆறு எடுத்தேன்," என்றாள்.

பாப்பா திரும்பினாள். "என்னது?"

"எனக்கு மூணுதான் குடுத்தாரு. நீ ஆறுன்னதும் திரும்ப உள்ள போய் எழுதிக்கிட்டேன். காகிதம்லாம் ஒண்ணும் விட்டுட்டு வரல."

"லூசா அண்ணி நீங்க?" பாப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உங்களுக்கு வேலை இருக்கு, குட்டி இருக்கா, அண்ணன் இருக்கான். எனக்கு என்ன இருக்கு? காலைல எந்திரிச்சா அந்த அறைதான். சும்மா உக்காந்தா பழசெல்லாம் வந்து எதிர்ல உக்காருது. அதான் ஆறு. எட்டு குடுத்திருந்தாலும் எடுத்திருப்பேன். இதைப் போய்ப் பாத்து..."

பொறாமைப்பட்டீங்களா என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. அண்ணிக்குக் காது மடல் சுட்டது.

மறுதேர்வு நடந்தது. பாப்பா எழுதினாள். வகுப்பிலேயே முதல். கணவர் மேசையைத் தட்டியதில் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. அண்ணி துணி எடுத்துத் துடைத்தாள். துடைக்கும்போதே, பழைய தீக்குச்சி உரசும் சத்தம் உள்ளே கேட்டது. இவ்வளவுக்கும் அந்த முதலிடத்தை நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். அதனால் கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது.

அவளுடைய முடிவுகளும் வந்தன. கணிதம் தட்டுத் தடுமாறித் தேறியது. கட்டுரை நடுத்தரம். உயிரியலில் மட்டும் விரிவுரையாளர் அவளை நிறுத்தி, "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்கும் அளவுக்கு வந்திருந்தது. பதிலைக் கேட்டுவிட்டு, "அதான்," என்றார். விலகிய மூன்று பாடங்களும் வரிசையாகக் கீழே நின்றன. கணவர் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். குட்டியைப் பள்ளியில் காக்கவைத்த நாளில் தான் குழிக்குள் இருந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். பிறகு, "உயிரியல்ல இவ்வளவா?" என்றார். இந்தத் தடவை அது கேள்விக்குறியாகத் தெரியவில்லை.

அடுத்த பருவத்தில் அண்ணி மூன்று எடுத்தாள். அதற்கடுத்து, ஆலோசகர் சொன்னபடி, வேதியியலைத் தனியாக எடுத்துத் தேறினாள். நாத்தனார் அதற்குள் பாதிப் படிப்பை முடித்திருந்தாள். மீதியையும் முடித்தவுடன் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஓர் அறையும் சமையலறையுமாக வீடு பார்த்துக்கொண்டு பின்னறையைக் காலி செய்தாள். பெட்டி தூக்கும்போது அண்ணியிடம், "அது போயிடுச்சுண்ணி," என்றாள். எது என்று அண்ணி கேட்கவில்லை. பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை கூட நடந்தாள்.

அண்ணி படித்து முடிக்க அதற்குமேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது பெரிய கால்நடை மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். கண்ணாடித் தகட்டில் ரத்தத் துளியை இழுத்து, நுண்ணோக்கியில் குனிந்து, என்ன குறை என்று எழுதி அனுப்புவது வேலை. புதிதாக வந்து சேரும் பெண்கள் படித்துக்கொண்டே வேலை பார்ப்பதாகச் சொன்னால், எத்தனை பாடம் என்று மட்டும் கேட்பாள். அதிகம் என்று தோன்றினால், கூட யார் படிக்கிறார்கள் என்றும் கேட்பாள். அவர்களுக்கு அந்த இரண்டாவது கேள்வி புரிவதில்லை.

குட்டி இப்போது வளர்ந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் அத்தை வீட்டுக்குப் போய்த் தங்குகிறாள். ஞாயிறு மாலை திரும்பி வந்ததும் அண்ணி விசாரணையை ஆரம்பிப்பாள். என்ன சாப்பிட்டீங்க, எங்க போனீங்க, அத்தை என்ன சொன்னா. பதில் சின்னதாக இருந்தால் முகம் மலரும். பதில் நீண்டுகொண்டே போய், நடுவில் குட்டிக்குச் சிரிப்பு வந்து பேச முடியாமல் போனால், அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"இன்னுமா?" என்பார் கணவர் பின்னாலேயே வந்து.

"கொஞ்சூண்டு இருக்கு," என்பாள் அண்ணி. "அந்தத் தட்டை இப்படிக் குடுங்க."